பத்துக்கு மேல் இடமில்லை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு வந்த ஒரு மெசேஜ், போனுக்குள் இடமில்லாததால், கடலூர் முதுநகரில் ஜெயராணி வீட்டு வாசற்படியிலேயே ஏழு வருடம் நின்றது. அனுப்பியவன் அவள் புருஷன் சேரன், ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவன். கிறிஸ்மஸுக்கு மறுநாள் மீன் வாங்கி வருகிறேன் என்று கடற்கரைக்குப் போனவனை மூன்றாம் நாள்தான் தூக்கி வந்தார்கள். மெசேஜ் மட்டும் அன்று காலையே வந்துவிட்டது.

அந்தக் காலத்து போன் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பத்து மெசேஜ்தான் பிடிக்கும். பதினொன்றாவது வந்தால் மேலே சின்னதாக ஒரு கவர் மினுங்கும். ஒன்றை அழித்தால்தான் அது உள்ளே வரும். ஜெயராணி வைத்திருந்த பத்தும் சேரன் அனுப்பியவை. காதல் வசனம் ஒன்றும் இல்லை. "பால் வாங்கிட்டேன்." "வண்டி பஞ்சர், லேட்டாவும்." "கதவத் தொற, வெளியில நிக்கிறேன்." இந்தக் கடைசியை, ஐப்பசி மழையில் காலிங்பெல் கெட்டுப்போயிருந்தபோது, வாசலில் நனைந்துகொண்டே அனுப்பினான். அந்த ஞாயிறு கவர் மினுங்கியபோது அவள் ஒரு வயது மகள் அருள்மொழியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். சர்ச்சுக்குக் கிளம்பும் அவசரம். எதை அழிப்பது என்று அப்புறம் பார்க்கலாம் என விட்டாள். அப்புறம் எதையுமே அழிக்க மனசு வரவில்லை.

மற்றவர்கள் அனுப்பிய மெசேஜ்களும் வந்தன, இரண்டு நாள் காத்துக் கிடந்தன, திரும்பிப் போயின. இது போகவில்லை. இரண்டு பாதம் வைக்கிற அளவுக்குப் படி ஈரமாகவே இருந்தது, கத்திரி வெயிலிலும் காயவில்லை. தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தது. முதலில் தெருவே பயந்தோம், சொல்வதற்கென்ன. பிறகு பழகிவிட்டது. பால்காரர் கோவிந்தசாமி அதற்கு வழிவிட்டு ஓரமாகப் பாக்கெட்டை வைப்பார். ஜெயராணி சிதம்பரம் போனால் அதுவும் கூடவே பஸ் ஏறும். பக்கத்து சீட் நனையும். கண்டக்டர் ஒன்றும் கேட்கமாட்டார். நின்றுகொண்டு வருகிறவர்கள்கூட அதில் உட்கார மாட்டார்கள்.

சிதம்பரத்தில் நர்ஸாக இருந்த பிரிசில்லா சேரனின் தங்கை. ஏழு வருடமும் அவளுக்கு ஒரே வழக்குதான்.

"எங்கண்ணன் கடைசியா என்ன சொன்னான்னு எனக்குத் தெரியணும் அண்ணி. அந்தப் பால் வாங்குனத அழிச்சாதான் என்னவாம்? நோட்டுல எழுதி வச்சுக்குங்களேன்."

"நோட்டுல எழுதுனா அது என் கையெழுத்து பிரிசில்லா. அவரு அனுப்புனது ஆவாது."

மேல வீதியில் செல்போன் கடை வைத்திருந்த பொன்னுரங்கம், பத்தையும் வேறு போனுக்கு மாற்றித் தருகிறேன் என்றார். ஆனால் தேதியும் நேரமும் போய்விடும் என்று சொன்னதும், ஜெயராணி போனைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கிறுக்கு என்றார்கள். யார் வீட்டு பீரோவில்தான் உதவாத சாமான் இல்லை? அதோடு அவளுக்குப் பயமும் இருந்தது. காப்பாத்து என்று கூப்பிட்டிருந்தானோ, அப்போதே பார்த்திருந்தால் பிழைத்திருப்பானோ என்று ஏழு வருடமும் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தாள்.

2011 டிசம்பர் 30 காலை ‘தானே’ என்று பேர் வைத்த புயல் வந்தது. ஓடுகள் பறந்தன, மரங்கள் வேரோடு சாய்ந்தன, ஊரில் ஒரு டவரும் வேலை செய்யவில்லை. ஜெயராணி வீட்டுக் கதவு தடதடவென்று அடித்துக்கொண்டது.

"அம்மா, பாவம்மா அது. உள்ள கூப்புடும்மா," என்று எட்டு வயது அருள்மொழி அழுதாள்.

ஏழு வருடமாக நனைந்தே நிற்பதற்குப் புயல் என்ன புதுசா என்று நாம் கேட்கலாம். கட்டியவளுக்குக் கேட்க வாய் வரவில்லை. பத்தையும் ஒருமுறை படித்தாள். எப்படியும் திறக்கத்தானே போகிறோம் என்று, கதவைத் திறக்கச் சொன்னதை அழித்தாள். கதவைத் திறந்தாள். டவர் இல்லாதது ஒரு தடையாக இல்லை. அது வரவேண்டிய தூரம் ஒரு படிதான்.

"கடல் பின்னால போயிருக்கு. தரை தெரியுது. பாப்பாவத் தூக்கிக்கிட்டு சீக்கிரம் வா, காட்றேன்."

கடற்கரை கால் மணி நேர நடை. அன்று ஒரு மெசேஜ் குறைவாக இருந்திருந்தால், சர்ச்சை விட்டுவிட்டுக் குழந்தையோடு ஓடியிருப்பாள். பால் வாங்கியதும் வண்டி பஞ்சரானதும்தான் வழியை அடைத்துக்கொண்டு இரண்டு பேரையும் காப்பாற்றியிருந்தன. மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் அழுத அழுகை அந்தப் புயலிலும் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. பஸ் ஓட ஆரம்பித்ததும் வந்த பிரிசில்லா அதைப் படித்தாள். நெடுநேரம் அருள்மொழியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இனிமே ஒண்ணையும் அழிக்காதீங்க அண்ணி," என்றாள்.

இனி படி காய்ந்துவிடும் என்று தெருவில் எல்லாரும் நினைத்தோம். காயவில்லை. கோவிந்தசாமி தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இது உப்பில்லை, மழைத் தண்ணி என்றார். உள்ளே பத்து நிறைந்துவிட்டது. அழித்தது வேறு எங்கே போகும்? 2012 பொங்கலிலிருந்து ஜெயராணி வீட்டில் இருக்கும்போது கதவைச் சாத்துவதில்லை. கோவிந்தசாமி வழக்கம்போல ஓரமாகப் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போகிறார்.