இருபத்தெட்டாவது படம்

விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் நீள பெஞ்சின் கடைசி இடம் மீனம்பாளுடையது. அதற்கு அடுத்த இடம் யாருடையதும் இல்லை. ஒரு வருஷமாக அது காலியாகவே இருந்தது. யாரும் எதுவும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நறுக்கென்று இரண்டு வார்த்தை கேட்டிருப்பாள். தட்டை எடுத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு அடுத்த பெஞ்சுக்குப் போகிறவளிடம் என்ன சொல்லிச் சண்டை போடுவது?

தளவானூர்க் காலனியிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் அவள். செஞ்சியில் இருந்த மகளிர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு அவள் தகரப் பெட்டியோடு வந்து இறங்கியபோது, இனி பேச்சுக்கும் சிரிப்புக்கும் பஞ்சமிருக்காது என்றுதான் நினைத்தாள். வந்த பிறகு, பாடம் ஒப்பிப்பதைத் தவிர வாயைத் திறக்காமலே முழு நாளையும் ஓட்டிவிட முடியும் என்று தெரிந்துகொண்டாள். சாயங்காலங்களில் மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ராஜகிரிக் கோட்டை மலையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அதுவும் எத்தனை நாளைக்குத்தான் பார்க்க முடியும்?

அறுபத்து நாலாம் வருஷம் புரட்டாசியில், சரித்திரம் நடத்தும் கமலாம்பாள் டீச்சர் மாதர் வரலாற்று விழா என்று ஒன்றைக் கிளப்பினார். மூன்று நாள். முதல் நாள் பேச்சுப் போட்டி, இரண்டாம் நாள் கோட்டை ராணி நாடகம், மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை பெற்றோர் பார்க்கலாம். மூன்று நாளும் கூடத்தில் புகைப்படக் கண்காட்சி.

"ராணிங்களைப் பத்தி நெறையப் பேசியாச்சு. உங்க வீட்டுல உங்களை ஆளாக்கின ஒரு பொம்பளை இருப்பா இல்லையா, அவ படத்தைக் கொண்டாங்க. அவளைப் பத்தி ஒரு பக்கம் எழுதி வெள்ளிக்கிழமை படிங்க. அதுவும் சரித்திரந்தான்" என்றார் டீச்சர்.

மீனம்பாளுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அம்மா மங்கையைப் பற்றி எழுத அவளுக்கு ஒரு பக்கம் போதாது. களை எடுத்த கூலியில் சிலேட்டு வாங்கியது, பள்ளிக்கூடம் வேண்டாம் என்ற ஊர்க்காரர்களை வாசலில் நின்று ஏசி அனுப்பியது, எல்லாம் இருந்தது. இல்லாதது படம் மட்டுந்தான்.

மங்கை படம் எடுத்துக்கொண்டதே இல்லை. எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்புகிறவள். சனிக்கிழமை ஊருக்குப் போய் மகள் கெஞ்சியபோது முதலில் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பிறகு, "உனுக்கு ஆவணும்னா எடுத்துக்கோ. ஆயுச வச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்" என்று எழுந்து, பக்கத்து வீட்டில் ஒரு சேலை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

செஞ்சி கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்த உத்திராபதி அவள் முகத்தில் கணிசமாகப் பவுடர் அப்பி, மாளிகைப் படிக்கட்டு வரைந்த திரைக்கு முன்னால் நிற்கவைத்தார். மூச்சையே விடாமல் நின்றாள் மங்கை. மூன்று நாள் கழித்துச் சட்டம் போட்டு வந்த படத்தில், உத்திராபதி கன்னத்துப் பள்ளத்தையெல்லாம் பென்சிலால் தூர்த்து, நிறத்தையும் இரண்டு படி ஏற்றிவிட்டிருந்தார். யாரோ ஒரு மிராசுதார் வீட்டம்மாள் போலிருந்தது. கண் மட்டும் அம்மாவின் கண்.

ஸ்டுடியோவை விட்டு இறங்கும்போதே மீனம்பாள் சொல்லியிருந்தாள்: "வெள்ளிக்கெழம நீ வரணும்மா. நான் படிக்கறத கேக்கணும்."

"பாக்கலாம். மல்லாட்ட புடுங்கற நேரம்" என்றிருந்தாள் மங்கை. நிலக்கடலை அறுவடைக் காலம் அது.

விழாவின் முதல் நாள் காலை மீனம்பாள் கூடத்துக்குள் நுழைந்தபோது இருபத்தெட்டுப் படங்களும் சுவரோரம் மேசைகளில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் மல்லிகை மாலை. கண்ணாடியில் குங்குமம். முன்னால் ஒரு அகல் விளக்கு. மற்ற இருபத்தேழு பேரும் போய்ச் சேர்ந்தவர்கள். சரித்திரம் என்றதும் அனேகமாக எல்லாருமே பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். உயிரோடு இருக்கிறவளைக் கொண்டுவந்தவள் இவள் ஒருத்திதான். அதை யாரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. ஆகவே மங்கைக்கும் மாலை விழுந்துவிட்டது.

"அம்மா தவறிட்டாங்களா மீனம்பாள்? ஒரு வார்த்தை சொல்லலையேம்மா" என்றார் கமலாம்பாள் டீச்சர்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் ஒரு கை வந்து அவள் கையைப் பற்றிக்கொண்டது. செந்தாமரை. அவலூர்பேட்டையில் பெரிய மளிகைக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். அவள் கொண்டுவந்திருந்ததும் அம்மாவின் படம். போன தை மாதம் செத்துப்போனவள்.

"எனக்குத் தெரியாதுடி. இத்தினி நாளா உனக்கும் அம்மா இல்லன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிச் செந்தாமரை அழுதுவிட்டாள்.

ஒரு வருஷத்தில் அந்தக் கட்டிடத்துக்குள் ஒரு ஆள் மீனம்பாளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கை சூடாக இருந்தது. அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். செய்தது தப்பு. தெரிந்தேதான் செய்தாள்.

அன்று மத்தியானம் பெஞ்சில் காலியிடம் இல்லை. செந்தாமரை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் இன்னும் இருவர் வந்தார்கள். வீட்டிலிருந்து வந்த எலுமிச்சை ஊறுகாயைச் செந்தாமரை தன் கையாலேயே அவள் தட்டில் வைத்தாள். சாயங்காலம் இருவரும் மாடியில் நின்றார்கள். தன் அம்மா கடைசி நாட்களில் சோறு வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டதைச் செந்தாமரை சொன்னாள். வேறு யாரிடமும் சொன்னதில்லை என்றாள். மீனம்பாள் கேட்டுக்கொண்டே நின்றாள். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே வெள்ளிக்கிழமையும் இருந்தது.

அம்மாவுக்குத் தகவல் அனுப்ப வழியில்லை. மல்லாட்டைக் கூலியை விட்டுவிட்டு வரமாட்டாள் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். பெற்றவள் வரக்கூடாது என்று எந்தச் சாமியிடம் வேண்டுவது? பெயர் சொல்லாமல் பொதுவாக வேண்டிக்கொண்டாள்.

மங்கை வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூடத்து வாசலில் நின்றாள். வெறுங்கால். புடவையில் செம்மண். கையில் துணி மூட்டை. பெற்றோர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நாற்காலிப் பக்கம் போகாமல் சுவரோரமாகப் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு மாலையையும் நின்று பார்த்தாள். கடைசிப் படத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

நாலு தப்படி தள்ளி மீனம்பாள் நின்றிருந்தாள், செந்தாமரை கொடுத்த ஜரிகைத் தாவணியில்.

"யாரைப் பாக்கணுங்க?" என்று கேட்டுக்கொண்டே செந்தாமரை போனாள். படத்துக்கும் எதிரில் நின்றவளுக்கும் அவளால் முடிச்சுப் போட முடியவில்லை. உத்திராபதியின் பென்சில் அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது.

மங்கை விளக்கைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மகளின் முகத்தில் என்ன இருந்ததோ, எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மீனா ஊருதாம்மா நானு. அவங்க அம்மாவுக்கு வேண்டியவ. மல்லாட்ட அவிச்சி எடுத்தாந்தேன், குடுத்துட்டுப் போலாம்னு."

"அவங்க அம்மா இருந்திருந்தா இன்னிக்கு எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பாங்க, இல்லைங்களா?"

"ஆமாம்மா" என்றாள் மங்கை. "அவளுக்கு இவ மேலதான் உசுரு."

மூட்டையை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். வெடித்த குதிகால்கள் வாசலைத் தாண்டப்போகும்போதுதான் மீனம்பாளுக்குத் தாங்க முடியாமல் போயிற்று.

"யம்மா."

கூடம் முழுவதும் திரும்பியது. "இவங்கதான் எங்கம்மா. உயிரோடதான் இருக்காங்க. நான்தான் சொல்லாம இருந்துட்டேன்" என்றாள்.

கமலாம்பாள் டீச்சர் கையில் காகிதத்தோடு நின்றுவிட்டார். அபசகுனம், அபசகுனம் என்று நாற்காலிகளில் யாரோ முணுமுணுத்தார்கள். மங்கை திரும்பி வந்தாள். தன் படத்திலிருந்து மாலையைக் கழற்றினாள். இரண்டு முழம் அளவுக்குக் கிள்ளி, எல்லார் கண்ணெதிரிலும் கொண்டையில் சுற்றிக்கொண்டாள். படம் எடுத்தால் ஆயுசு போகும் என்று பயந்தவள்.

"எனக்கு வாங்குன பூவுதானே" என்றாள்.

மீனம்பாள் அன்று படிக்கவில்லை. படி என்று யாரும் கூப்பிடவுமில்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். கடைத்தெரு முழுவதும் மீனம்பாள்தான் அந்தக் காலி பெஞ்சைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது மகளுக்கு.

பஸ் வந்து நின்ற பிறகுதான் மங்கை கேட்டாள்: "அந்தப் பொண்ணு இனிமே உங்கூட பேசுமா?"

"தெரியலம்மா."

"அதுக்கு அம்மா இல்ல போல. கண்ணப் பாத்தாலே தெரியுது." சேலைத் தலைப்பால் மகளின் முகத்தைத் துடைத்தாள். "ஒத்தையா கெடக்கறேன்னு முன்னாடி ஒரு வார்த்த எங்கிட்ட சொன்னியாடி? இன்னாத்துக்கு என்னியக் கூப்ட்ட? நான் பாட்டுக்குப் போயிருப்பேன். செத்தவளாவே இருந்துட்டுப் போறேன், எனுக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது. உனுக்குத் தொணை இருந்திருக்கும்."

பஸ் போய்விட்டது. மீனம்பாள் அங்கேயே ஓரமாக நின்று அழுது முடித்துவிட்டுத் திரும்பினாள்.

தாவணியைத் துவைத்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது செந்தாமரை வாங்கிக்கொண்டாள். ஏசவில்லை. "எங்கம்மாவைப் பத்தி உங்கிட்ட சொன்னேனே" என்றாள். அவ்வளவுதான். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் பெஞ்சின் கடைசியில் மீனம்பாள் உட்கார்ந்தாள். அடுத்த இடம் காலியாக இருந்தது. போன வருஷம் அது காலியாக இருந்ததற்கு அவள் பொறுப்பில்லை. இந்தத் தடவை பாதிப் பொறுப்பு அவளுடையது. அம்மா கொண்டுவந்த மூட்டையை அவிழ்த்து, ஒரு கை மல்லாட்டையை அந்தக் காலியிடத்தில் குவித்து வைத்தாள். யாராவது வந்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான். மணி அடித்துக் கூடம் காலியாகும்வரை அவளே ஒவ்வொன்றாக உரித்துத் தின்றாள்.