கண்ணாடியின் பின்பக்கம்

பூவராகவனின் இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்ட ஒரு வெள்ளைத் துணி வேண்டியிருந்தது. போர்டு எழுதுகிறவன் வீட்டில் வெள்ளைத் துணிக்கு எங்கே போவது? பிரஷ் துடைத்த துணி, கை துடைத்த துணி, டப்பா மூடியில் சுற்றியிருந்த துணி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள் சொர்ணம். பச்சையும் சிவப்புமாக எல்லாம் டர்பன்டைன் நாற்றம். கடைசியில் தன் பழைய உள்பாவாடையிலிருந்து நாடாவை உருவினாள்.

"இன்னா அண்ணி, எங்கண்ணன் கால்ல போயி பாவாட நாடாவ கட்ற?" என்றாள் நாத்தனார் ஆதியம்மாள். காலையிலிருந்து அழுததில் அவள் குரல் கம்மிப் போயிருந்தது.

"வேற இன்னா கீது வூட்ல? நீயே தேடு."

ஆதியம்மாள் தேடவில்லை. சொர்ணம் குனிந்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். வலது கட்டைவிரல் நகத்தில் வெள்ளி பெயின்ட் ஒட்டியிருந்தது. சுரண்டிப் பார்த்தாள், வரவில்லை. விட்டுவிட்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. தெருப் பெண்கள் அதைக் கவனித்துவிட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்றிருந்தாள்.

ஒரே அறைதான் வீடு. தலையைத் தெற்கே வைத்துக் கிடத்தினால் கால் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கண்ணாடியில் இடித்தது. ஆள் உயரத்தில் பாதி இருக்கும் சதுரக் கண்ணாடி. இந்தப் பக்கம் முழுக்க வெள்ளியும் கறுப்பும் பூசி, தகரம் போலிருந்தது. மறுபக்கம் தெரிய எழுதிய படம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யக்கா, இத்த வெளியே வெச்சிடட்டுமா?" என்றான் அவள் தம்பி இருசப்பன்.

"அத்த தொடாத. அதுக்கு ஒடயவன் வந்து எடுத்துக்குவான்."

சொன்ன தோரணையில் அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. பாடை கட்ட மூங்கில் பிளக்கப் போய்விட்டான்.

கண்ணாடிக்கு உடையவன் மாமல்லபுரத்து மோசஸ். கடற்கரைக்குப் போகிற சாலையில் கீற்றுக் கொட்டகை போட்டு இரண்டு கோலி மிஷின் வைத்திருந்தான். மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல்காரர்கள் கிளப் ஒன்றை மூடியபோது வாங்கி வந்தவை. காசு போட்டு இழுத்துவிட்டால் இரும்புக் குண்டு ஓடும், மணி அடிக்கும், எதிரே நிற்கிற கண்ணாடியில் விளக்கு எரிந்து எண் ஏறும். முடி வளர்த்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் வேறு வேலையே இல்லாதது போல அதைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள். உப்புக் காற்றும் உள்ளே எரிகிற பல்பின் சூடும் சேர்ந்து கண்ணாடியிலிருந்த படத்தை உரித்துவிட்டன. சரிசெய்ய ஆள் தேடி வந்த மோசஸ், ஜி.எஸ்.டி. ரோடு நெடுக, படாளம் வரைக்கும், சுவர் சுவராகக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் எழுதிக்கொண்டிருந்த பூவராகவனைப் பிடித்தான்.

அதோடு பூவராகவன் ஆளே மாறிப் போனான். மாமல்லபுரம் போனால் ஒரு ஆட்டம் கூட ஆடமாட்டானாம். விளக்கைப் போடச் சொல்லிப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பானாம். ஒரு மிஷினில் சர்க்கஸ், இன்னொன்றில் கப்பல் தட்டில் நடனமாடும் பெண்கள். வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சுதான்.

"ரெண்டும் ரெண்டு ஆளு எழுதனது சொர்ணம். சர்க்கஸ் எழுதனவன் இருக்கானே, மூக்கு எழுதத் தெரியாத பய. சிங்கத்துக்கும் மன்சனுக்கும் ஒரே மூக்கு. கப்பல் எழுதனாரு பாரு, அவருதான் ஆளு. இன்னா வெரலு! ஒவ்வொரு வெரலும் பேசுது."

முதலாமவனுக்கு மூக்கன் என்றும் இரண்டாமவருக்கு வெரல்காரர் என்றும் அவனே பேர் வைத்தான். மூக்கனுக்கு 'ன்', வெரல்காரருக்கு 'ர்'. அதில் தவறவே மாட்டான். கண்ணாடியின் நாலு மூலையிலும் தேடியும் எழுதியவர் பேர் கிடைக்கவில்லை என்பது அவனுக்குப் பெரிய குறை. "எந்த ஊரோ, உசுரோட கீறாரோ இல்லியோ" என்பான், சொந்த மாமனைப் பற்றிக் கேட்பது போல. போன சித்திரையில் சூறைக்காற்றில் கொட்டகைக் கழி விழுந்து கப்பல் கண்ணாடி நொறுங்கிய அன்று அவன் சோறு தின்னவில்லை. மோசஸ்தான் சமாதானம் சொல்லி, "நீயே புச்சா ஒண்ணு எழுது அண்ணாத்த" என்று வெறுங்கண்ணாடியைக் கொண்டுவந்து இறக்கினான்.

அந்தக் கண்ணாடிதான் இது. இது வந்த நேரம் வீட்டில் சனியனும் வந்தது என்பது சொர்ணத்தின் முடிவு.

அவனுக்கு நெஞ்சில் சளி கட்டி, ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போகமுடியாமல் ஆகியிருந்தது. வீட்டிலேயே, சந்துப் பக்கத்து ஜன்னலில் கண்ணாடியைச் சாய்த்து எழுத ஆரம்பித்தான். ஒரு நாள் காலை கஞ்சி கொண்டுபோனவள் நின்றுவிட்டாள். வெளிச்சத்தில் மெல்லிய கறுப்புக் கோட்டில் ஒரு பெண் முகம். கண், புருவம், உதடு, மூக்கு. அந்த மூக்கில் இடது பக்கம் ஒரு மூக்குத்தி.

சொர்ணத்துக்கு மூக்குத்தி வலது பக்கம். இந்தத் தெருவில் எல்லாருக்கும் வலது பக்கம். இடது பக்கம் குத்தியிருந்த ஒருத்தியை அவள் பார்த்திருக்கிறாள். மாசி மகத்துக்குக் கடலாடப் போனபோது, மோசஸ் கொட்டகைக்குப் பக்கத்தில் நாஸ்தா கடை போட்டிருந்த தெய்வநாயகி. "எங்கண்ணன் அங்க போயி குந்தினா எழுந்திருக்கறதே இல்லியாம்" என்று ஆதியம்மாள் ஏற்கெனவே ஓதி வைத்திருந்தாள். சொர்ணம் அதை நம்பாமல்தான் இருந்தாள், அந்தக் காலை வரைக்கும்.

"எப்டி கீது?" என்றான் பூவராகவன்.

"கீது" என்று கஞ்சியை வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் பார்த்தபோது அந்த முகத்தின் மேல் தோல் நிறம் பூசியிருந்தான். பிறகு புடவை, பிறகு கடல், வானம். கடைசியில் எல்லாவற்றையும் மூடி வெள்ளியும் கறுப்பும். சமாதி கட்டுகிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசி அவளை உள்ளே வைத்துவிட்டான் என்று சொர்ணம் நினைத்தாள். அன்றிலிருந்து அவனோடு பேசவில்லை. வெந்நீர் வைத்தாள், முதுகு தேய்த்தாள், எச்சில் சட்டி கழுவினாள். "இந்தா", "குடி", "எழுந்திரு". அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அவன்தான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"சந்துப் பக்கம் போயி ஜன்னல் வழியா ஒரு தபா பாரேன், சொர்ணம்."

"எனக்கு வேல கீது."

நிற்க முடியாமல் படுத்த பிறகும் கேட்டான். "அத்த கொஞ்சம் திருப்பி வெச்சிப் பாரேன்." அவள் திருப்பவில்லை. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டதும் அவன் கேட்பதையும் நிறுத்திவிட்டான். இன்று விடிந்து அவள் கஞ்சியோடு வந்தபோது வாய் திறந்தபடி கிடந்தான்.

பத்து மணி வாக்கில் தெரு திடீரென்று அமைதியானது. ஆதியம்மாள் ஓடிவந்து அவள் காதருகே, "அண்ணி, வந்துட்டா" என்றாள்.

தகவல் கேட்டு மோசஸ் கையில் சாமந்தி மாலையோடு வந்துகொண்டிருந்தான். அவனுக்கு ரெண்டு எட்டு பின்னால் தெய்வநாயகி. நனைந்த முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். கையில் வாழையிலையில் சுற்றிய பூ. சொர்ணம் எழுந்து வாசல்படியில் போய் நின்றாள். முதலில் மூக்கைத்தான் பார்த்தாள். இடது பக்கம், ஒற்றை வெள்ளைக்கல். சந்தேகமே இல்லை.

"மோசஸ் அண்ணாத்த, நீ உள்ள வா. அது வெளியவே நிக்கட்டும்."

தெய்வநாயகி நிமிர்ந்து பார்த்தாள்.

"வாய்க்கரிசி ஒரு பிடி போட்டுட்டுப் போயிடறேங்க்கா. அவ்ளோதான்."

"போட வேண்டியதெல்லாம் அங்கயே போட்டுட்டியே. இன்னும் இன்னா மிச்சம்?"

"பசியோட வருவாரு. இட்லி வெச்சேன். வேற ஒண்ணும் நான் போடல."

"சோத்துக்கு வழியில்லாமயா வூட்டவுட்டு அனுப்பினேன் நானு? போடி."

தெரு முழுக்கக் கேட்டது. தெய்வநாயகி பூப்பொட்டலத்தைச் சாக்கடைக் கல்லின் மேல் வைத்தாள். திரும்பி நடந்து, தெருக்கோடியில் கரண்டு கம்பத்துக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டாள். சொர்ணத்துக்கு இத்தனை நாள் உள்ளே வைத்திருந்ததைக் கொட்டியதில் ஒரு திருப்தி கூட இருந்தது, அதை மறைப்பானேன்.

குளிப்பாட்டியாகிவிட்டது. பாடை வாசலில் தயார். பிணத்தைத் தூக்கி வளைத்து வெளியே எடுக்கக் கண்ணாடிதான் குறுக்கே நின்றது.

"இப்ப எடுத்தே ஆவணும் யக்கா" என்றான் இருசப்பன்.

அவனும் மோசஸுமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்து, குழந்தையைத் தூக்குவது போல வெளியே கொண்டுபோய் எதிர் வீட்டுச் சுவரில் சாய்த்தார்கள். மழை விட்டு வெயில் வந்திருந்தது. கண்ணாடி எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது மோசஸுக்குப் பழக்கம். படம் தெருவைப் பார்த்து நின்றது.

பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள்.

"அண்ணி" என்றாள் ஆதியம்மாள். "இது நீயாச்சே."

சொர்ணம் படியிறங்கி வந்தாள். மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம், கரையேற்றிய கட்டுமரம், எண் எரிவதற்கு விட்ட வட்ட வட்டமான இடங்கள். நடுவில் மயில் கழுத்து நிறப் புடவையில் ஒருத்தி இரும்புக் குண்டை விரல்நுனியில் ஏந்திக்கொண்டு சிரித்தாள். நீள முகவாய், பெரிய கண், எல்லாம் வெரல்காரருடைய பெண்களுக்கு உள்ளதுதான். ஆனால் கீழுதட்டுக்கு அடியில், சொர்ணத்துக்கு இருப்பது போலவே, அம்மைத் தழும்பு இருந்தது. வலது மூக்கில் சிவப்புக்கல் இருந்தது.

"இத்த யாரு மாத்தனது?" என்றாள்.

"மாத்தறதா? இன்னா அண்ணி சொல்றீங்க?" என்றான் மோசஸ்.

"இந்தப் பக்கம் இருந்திச்சி மூக்குத்தி. நான் பாத்தேன்." தன் இடது மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

மோசஸுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நீங்க பின்பக்கம் பாத்திருப்பீங்க. கண்ணாடில பின்னாலேர்ந்துதான் எழுதுவாங்க அண்ணி. மொதல்ல கண்ணு மூக்கு, அப்பறம் அதுக்கு மேல மத்தது. அந்தாண்ட நின்னு பாத்தா சோத்துக்கை பீச்சாங்கையாத்தான் தெரியும்." பிறகு தயங்கி, "அவரு ஒங்ககிட்ட சொல்லவே இல்லியா?" என்றான்.

"சொன்னாரு" என்றாள் சொர்ணம். "வந்து பாருன்னு சொன்னாரு."

பூவராகவன் கேட்ட ஒவ்வொரு தடவையும் வரிசையாக வந்து நெஞ்சில் மிதித்தது. ஜன்னல் பக்கம் போயிருந்தால் போதும். திருப்பியிருந்தால் போதும். கஞ்சி வைக்கும்போது ஒரு வார்த்தை பேசியிருந்தால் கூடப் போதும். சாகிற மனிதனுக்குப் பக்கத்தில் இத்தனை நாள் ஊமையாக இருந்துவிட்டோமே என்று இருந்தது.

"அதுக்கோசரம் அவ யோக்கியம்னு ஆயிடுமா அண்ணி? படத்துல இன்னா கீது" என்று ஆதியம்மாள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"நீ வாய மூடு" என்றாள் சொர்ணம்.

தலைவிரி கோலமாகத் தெருவில் நடந்தாள். "எங்க போற, யக்கா?" என்று இருசப்பன் கத்தியதை அவள் காதில் வாங்கவில்லை. கரண்டு கம்பத்தடியில் குந்தியிருந்தவளின் கையைப் பிடித்து எழுப்பினாள். மன்னிப்புக் கேட்கத் தோன்றியது, வாய் வரவில்லை. "வா, வந்து போடு" என்று மட்டும் சொன்னாள். தெய்வநாயகி கையை விடுவித்துக்கொண்டு, அவளைத் தாண்டி முன்னால் நடந்தாள். அரிசியைப் போட்டாள். அவன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். வந்த வழியே போய்விட்டாள். அவள் மனதில் என்ன இருந்தது என்று சொர்ணத்துக்குக் கடைசி வரை தெரியப் போவதில்லை.

கடைசியாகச் சொர்ணம் அரிசியை எடுத்தாள். திறந்த வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள். கட்டின துணியின் மேலேயே போட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்தபோது சத்தமே இல்லாமல் வந்தது, பக்கத்தில் இருந்தவளுக்குக் கூடத் தெரியவில்லை.

பறைச் சத்தம் தெரு திரும்பி மறைந்தது. ஆண்கள் எல்லாரும் போய்விட்டார்கள், மோசஸைத் தவிர. மறுபடி தூறல் போட்டதால் அவன் பக்கத்து வீட்டுக்காரியின் துணையோடு கண்ணாடியை உள்ளே கொண்டுவந்து சுவரில் சாய்த்தான், படம் தெரியும்படி.

"இது இங்கியே இருக்கட்டும் அண்ணி. மிஷினுக்கு நான் வேற பாத்துக்கறேன்."

சொர்ணம் மூலையில் உட்கார்ந்திருந்தாள். குண்டைத் தாங்கிய அந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அத்த திருப்பி வெச்சிடு அண்ணாத்த."

"ஏன் அண்ணி?"

"எனக்கு அந்தப் பக்கந்தான் பழக்கம்."

மோசஸ் திருப்பி வைத்துவிட்டு வெளியே போனான். ஆதியம்மாள் குடத்தைச் சாய்த்து வீட்டைக் கழுவ ஆரம்பித்தாள். தண்ணீர் அவன் கிடந்த இடத்தைத் தாண்டி மூலைக்கு வந்தது. சொர்ணம் கால்களை மடக்கிக்கொண்டு அதற்கு வழி விட்டாள்.