நூறு செல்களின் அகலம்

என் கொழுந்தனின் இதயம் தேறி வருகிறது என்று எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. நானே மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பார்த்ததும் வயிறு எரிந்தது. மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியின் திசு ஆய்வுக்கூடத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயமேற்றி, அளந்து எழுதிக் கொடுப்பது என் பாடு. ஊரார் வீட்டு இதயங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒருநாள் சொந்த வீட்டு முறை வந்தது.

முதலில் என் வீட்டுக்காரர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, சாயங்காலமானால் கால் வீங்கியது. வயசாகிறது என்று அவரும், வேலை அதிகம் என்று நானும் சமாதானம் சொல்லிச் சொல்லியே சில வருடங்களை ஓட்டிவிட்டோம். கடைசியில் இதயம் பெருத்துவிட்டது, குடும்பத்தில் ஓடுகிற வியாதி என்றார்கள். அதைக் கேட்ட மறுநாளே கொழுந்தனைப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனது வேறு யாருமில்லை, நான்தான். "எனக்கென்ன அண்ணி, குதிரை மாதிரி இருக்கேன்" என்றான். குதிரைக்கும் பெருக்க ஆரம்பித்திருந்தது.

பிறகு இரண்டு பேரையுமே மாத்திரைகள் கைவிட்டன. இரண்டு மாத இடைவெளியில் இரண்டு பேர் நெஞ்சிலும் பம்பு வைத்தார்கள். வயிற்றிலிருந்து ஒரு கம்பி வெளியே வரும், அது தோளில் தொங்கும் பேட்டரிப் பைக்குப் போகும். களைத்த இதயம் தள்ளவேண்டிய ரத்தத்தை அந்தப் பம்பு தள்ளும். அந்த ஓய்வில் சிலருடைய இதயம் தானே தேறிவிடுவதும் உண்டு. அப்போது பம்பை எடுத்துவிடலாம். தேறாவிட்டால், மாற்று இதயத்துக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

இவர் உப்பை ஸ்பூனால் அளந்தார். தண்ணீரைக் கோடு போட்ட பாட்டிலில் குடித்தார். சொன்ன நேரத்துக்கு நடந்தார், சொன்ன நேரத்துக்குப் படுத்தார். தம்பிக்காரனோ பேட்டரிப் பைக்குள்ளேயே சிப்ஸ் பாக்கெட் வைத்திருந்தான். நான் பிடுங்கினால் என் ஓரகத்தி, எங்கள் வீட்டில் சின்னவள் என்போம், "விடுங்கக்கா, ஆசைப்படுறாரு" என்பாள். ஒழுங்காக இருந்தவருக்குத்தான் முதலில் சரியாகும் என்று நான் நம்பினேன். அதை வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன், அவள் காதுபடவே.

ஆறு மாதம் கழித்து அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வாரத்தில் இதயத்திலிருந்து துணுக்கு எடுத்தார்கள். பம்பின் வேகத்தைக் குறைத்து, நடக்கவிட்டு, எக்கோ எடுத்துப் பார்ப்பதெல்லாம் தனி. ஆனால் நாங்கள் தரும் எண் வராமல் எங்கள் டாக்டர்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவெடுப்பதில்லை.

எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தகட்டில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஒரே தகட்டை இரண்டு பேர், ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்காமல் அளக்க வேண்டும். சொந்தக்காரர் தகட்டைத் தொடவே கூடாது. அதனால் தலைமை டாக்டரம்மா என் வீட்டுக்காரரின் தகட்டை எடுத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டார். கொழுந்தனைப் பற்றி அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்த வாரம் வந்தவை இரண்டே தகடுகள். ஒன்று போனால் என் மேஜையில் மிச்சமிருப்பது யாருடையது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டுமா?

எங்கள் சாயத்தில் தசை சிவப்பாகவும் தழும்பு நீலமாகவும் தெரியும். பம்பு வைத்த அன்று எடுத்த பழைய தகட்டை முதலில் பார்த்தேன். செல்கள் ஊதிக்கிடந்தன. உட்கருக்கள் பெருத்துக் கோணிப்போயிருந்தன. செல்லுக்குள் தெளிவாக இருக்கவேண்டிய வரிகள் கலைந்து, நடுவே வெறுமையாக இருந்தது. சராசரி அகலம் முப்பத்தொரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்குபோட்டால் அதில் முப்பத்தொன்று. நல்ல இதயத்தில் அதில் பாதிதான் இருக்கும்.

பிறகு புதுத் தகட்டை வைத்தேன். செல்கள் இளைத்து ஒழுங்காகப் படுத்திருந்தன. வரிகள் திரும்ப வந்திருந்தன. நீலம் அங்கங்கே நூலாக ஓடியது, அவ்வளவுதான். சிப்ஸ் தின்றவனின் இதயம் அது. அதைப் பார்த்துக்கொண்டே, ஸ்பூனில் உப்பு அளக்கும் ஒரு மனிதரை நினைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

நூறு செல்களை அளக்க வேண்டும். நேர்க்குறுக்காக வெட்டுப்பட்டு, உட்கரு நடுவில் தெரிகிற செல்லைத்தான் அளக்கலாம். சாய்வாக வெட்டுப்பட்டது உள்ளதைவிட அகலமாகக் காட்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவதே இதுதான். அன்றைக்குச் சாய்ந்தவையாகப் பார்த்துப் பொறுக்கி நூறு அளந்தேன். ஒரு எண்ணைக்கூட நான் பொய்யாக எழுதவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சராசரி இருபத்தாறு வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு டீ குடித்தேன், நன்றாகவே இருந்தது.

மறுநாள் டாக்டரம்மா கூப்பிட்டார். என்னோடு அளக்கும் ஆளைக் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் பத்தொன்பது வந்திருந்தது. இவ்வளவு வித்தியாசம் வந்தால் அளந்த செல்களை டாக்டரம்மா முன்னால் ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் நான் போட்ட கோடுகள் அப்படியே இருந்தன.

"இதுல நியூக்ளியஸ் எங்கம்மா?" என்றார்.

அடுத்ததைத் திறந்தார், அதற்கடுத்ததையும் திறந்தார்.

"உனக்கா இப்படி? ராத்திரி சரியாத் தூங்கலையா?"

"ஆமா டாக்டர்."

"வீட்ல இருக்கிற கவலைக்குக் கண்ணு அசந்திருக்கும். உக்காந்து மறுபடி அள."

இருபது வருட நாணயம் எனக்கு ஒரு பொய்யைச் சும்மா கொடுத்தது, வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்க, ஒழுங்காக நூறு செல் அளந்தேன். பத்தொன்பது புள்ளி இரண்டு வந்தது.

கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகு அவர் தயங்கி, "உன் வீட்டுக்காரரோடதும் கணக்கு முடிஞ்சுடுச்சு. இனிமே பாத்தாத் தப்பில்ல. பாக்கிறியா?" என்றார்.

பார்த்தேன். செல்கள் இளைத்திருந்தன. சத்தியமாக இளைத்திருந்தன. தம்பிக்குப் பத்தொன்பது என்றால் இவருக்கும் இருபதைத் தாண்டாது. "டாக்டர், இவருக்கும் தேறிடுச்சு" என்றேன், என் குரலே எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை.

அவர் தகட்டைக் கொஞ்சம் நகர்த்தினார். நீலம் வந்தது. இன்னும் நகர்த்தினார், அங்கேயும் நீலம். இளைத்த செல் ஒவ்வொன்றையும் தழும்பு சுற்றி வளைத்திருந்தது. பாரத்தை இறக்கி வைத்தால் செல் இளைக்கும், பெரும்பாலும் இளைக்கத்தான் செய்யும். இளைத்ததெல்லாம் வேலைக்குத் திரும்பிவிடாது. இதையும் நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

"தம்பியைச் சீக்கிரமே கண்டுபிடிச்சு யாரோ கூட்டிட்டு வந்திருக்காங்க. தழும்பு விழ நேரம் கிடைக்கல. இவருக்கு அந்த நேரம் கிடைச்சிடுச்சு" என்றார் டாக்டரம்மா. தம்பி என்று அவர் சொன்னது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இரண்டு பேர் ஃபைலையும் படித்திருக்கிறார். நிமிர்ந்தேன். அவர் மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார். "அடுத்த தடவை முன்னாடியே சொல்லிடும்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது இவர் கட்டில் ஓரத்தில் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார்.

"தம்பிக்கு எடுத்துடுவாங்களாமே. சின்னவ மெசேஜ் போட்டிருக்கா. நீதானே பாத்தே, எப்படி இருந்துச்சு அவனோடது?"

"அழகா இருந்துச்சுங்க."

"என்னோடது?"

"செல்லு இளைச்சிருக்கு. தழும்பு போகல."

"அப்ப எனக்கு எடுக்க மாட்டாங்க."

"மாட்டாங்க. மாத்து இதயம் கிடைக்கிற வரைக்கும் இதான்."

கம்பியை மாட்டி, சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒருதரம் இழுத்துப் பார்த்தார். அவருடைய நிதானத்தைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"முதல்ல அவனோடதை நான் தப்பா அளந்தேங்க. வேணும்னுதான். அவனுக்கும் எடுக்கக்கூடாதுன்னு இருந்துச்சு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். தம்பியைத் தூக்கி வளர்த்த மனிதர். அவனுக்கு ஒன்று என்றால் என்னை மன்னிக்கமாட்டார்.

அவர் தரையைப் பார்த்தபடியே, "காலையிலேருந்து அவன் நாலு தடவை கூப்பிட்டுட்டான். நான் எடுக்கல" என்றார்.

"தூங்கிட்டிருந்தீங்களா?"

"இல்ல. போனைக் கையிலதான் வச்சிருந்தேன்."

கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்லும் தகுதி எங்கள் இரண்டு பேருக்குமே இல்லை. கொஞ்ச நேரத்தில் போன் மறுபடி அடித்தது. தம்பி என்று திரையில் வந்தது. இவர் என்னைப் பார்த்தார். எடுங்கள் என்று நான் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஓயப்போகிற நேரத்தில் எடுத்துவிட்டார்.

"தூங்கிட்டேன்டா, இப்பதான் எந்திரிச்சேன். சொல்லு, என்னைக்கு எடுக்கிறாங்க?"

குரலில் ஒரு குறை சொல்ல முடியாது. இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பிடி இறுகிக்கொண்டே போனது. வலித்தது, விடச் சொல்லவில்லை.