பத்து நிமிடத் தொலைவில் ஹார்மென்

"ஹார்மென் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் இருக்கிறார்" என்று சமையலறை ஜன்னலோரம் இருந்த பேசும் பெட்டி சொன்னபோது நான் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். மணி ஐந்து நாற்பத்தொன்று. வழக்கம்போலப் பின்வாசல் விளக்கு தானாக எரிந்தது. வழக்கம்போல நான் அடுப்பைப் பற்றவைத்தேன். என் கணவர் ஹார்மென் செத்து இரண்டு வருடமும் ஒரு மாதமும் ஆகியிருந்தது.

கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். செத்தவர் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் ஆறு மணிக்குச் சாப்பாடு மேஜைக்கு வந்துவிட வேண்டும். அவர் போன் பாலத்தருகே வந்ததும் பெட்டி சொல்லும், நான் அடுப்பை ஏற்றுவேன். அவர் வந்து பின்வாசல் படியில் சப்பாத்தை இரண்டு தட்டு தட்டிச் சேற்றை உதிர்த்துவிட்டு, கை கழுவி உட்காரும்போது கிழங்கு வெந்திருக்கும். ஒன்பது வருடம் அப்படி ஓடியது. கை பழகிவிட்டது, அவ்வளவுதான்.

அவர் உயிர் போனதும் அந்த நேரத்தில்தான். கொதிகலன் பழுது பார்க்கும் கம்பெனி வேனில் வந்துகொண்டிருந்தார். படகு ஒன்றுக்காகப் பாலத்தைத் தூக்கியிருந்தார்கள். பாலம் இறங்கியும் வேன் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்களாம். இங்கே பெட்டி பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டது. நான் அடுப்பை ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். தண்ணீர் வற்றி, கிழங்கு அடிப்பிடித்து, வீடு முழுக்கப் புகை. அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

அடக்கம் முடிந்து மூன்றாவது வாரம் பெட்டி மறுபடி சொன்னது. கையிலிருந்த தட்டு கீழே விழுந்து உடைந்தது. என் மகள் யிட்ஸ்கா போனில் கத்தினாள். "அத மொதல்ல புடுங்கிப் போடும்மா! கடல் தாண்டி எவனோ உக்காந்து நம்ம அடுப்படிய ஒட்டுக்கேக்குறான். அப்பாவ வெச்சு வெளையாடுறான்." சரி, சரி என்றேன். பிடுங்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் பகலெல்லாம் நடமாடிக்கொண்டிருந்தேன்.

என்னை அசைத்தது அக்டோபர் முதல் வாரம் நடந்த விஷயம். பெட்டி வழக்கமான வாக்கியத்தைச் சொல்லி முடித்தது. பிறகு, "இந்த வீட்டில் பதிவான குரல்களைக் கொண்டு இனி நான் ஹார்மெனின் குரலில் பேச முடியும். பேசட்டுமா? ஆம் அல்லது வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றது. என் வாய் திறந்தது. ஆம் என்று சொல்லத்தான் திறந்தது. சட்டென்று ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பெட்டி மூன்று முறை கேட்டுவிட்டு அடங்கியது. அன்றைக்குக் கிழங்கு இறங்கவில்லை. மறுநாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன்.

நூலகத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு கூட்டம் நடக்கிறது. நம் கடிதம், படம் எல்லாவற்றையும் வைத்திருக்கும் பெரிய அமெரிக்க இணையக் கம்பெனிகளை விட்டு வெளியே வர நினைப்பவர்களுக்கு உதவுவார்கள். நடத்துவது ஸீட்ஸே. கப்பலில் ரேடியோ பார்த்தவர், ஹார்மெனோடு பனிச்சறுக்கு போனவர், வாய் ஓயாதவர். "வாம்மா ஔக்யா. ஊர்ல பாதி வந்தாச்சு, கணக்கு டீச்சர் மட்டும் பாக்கி. போன வாரம் பாதிரியாரே வந்தாருன்னா பாத்துக்கோ" என்றார்.

நான்கு சனிக்கிழமை போனேன். மின்னஞ்சல்களை ஜெர்மனியில் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனிக்கு மாற்றினார். மாதம் ஒரு யூரோ. பேத்தியின் படங்கள் ஒரு கறுப்பு டப்பாவுக்குள் வந்தன, அதை அலமாரியில் துணிகளுக்கு நடுவில் வைத்தேன். செய்தி அனுப்ப வேறொன்று. பிறந்தநாட்களைப் போனிலிருந்து பார்த்துப் பார்த்துப் பழையபடி கக்கூஸ் சுவரில் தொங்கும் காலண்டரில் எழுதினேன். உட்கார்ந்தபடியே யாருக்கு வாழ்த்து சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கு எதற்கய்யா அமெரிக்கா? ஹார்மென் பெயரையும் எழுதினேன். எங்கள் வழக்கத்தில் செத்தவர் பெயரைக் காலண்டரிலிருந்து எடுப்பதில்லை. ஒவ்வொன்றாகக் கழன்றபோது மனசு லேசாகத்தான் இருந்தது. பெட்டி ஒன்றுதான் மிச்சம்.

"ஹார்மென் பேருல இருக்கிற ஆன்லைன் கணக்க மூடுனாத்தான் அது வாய மூடும்" என்றார் ஸீட்ஸே. "ஆனா அந்தக் கணக்கு இன்னும் எங்கயோ ஓடிக்கிட்டிருக்கு. எந்தப் போன்ல ஓடுதுன்னு பாரு. ஆபீஸ் போன்ல தன் பேரப் போட்டு வெச்சிருந்தானா, மடையன்?"

போட்டுத்தான் வைத்திருந்தார். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்துகொள்ள நான்தான் விரும்பவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஐந்தரைக்குப் பாலத்தடியில் போய் நின்றேன். ஐந்து நாற்பதுக்கு அதே வெள்ளை வேன் வந்தது. பக்கவாட்டில் அதே கீறல். நான் கையைக் காட்டினேன். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி கண்ணாடியை இறக்கினாள். நான் யாரென்று சொன்னதும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிவிட்டாள். பெயர் மார்ரித். ஹார்மென் இருந்த இடத்துக்கு வேலைக்கு வந்தவள்.

"மன்னிச்சிருங்க. இந்தப் போன் வேனோடயே வந்துச்சு. எனக்கு வழி பாக்க மட்டும்தான். காலைல வண்டிய எடுத்தா, 'வணக்கம் ஹார்மென்'னு சொல்லும். மாத்தணும் மாத்தணும்னு நெனச்சேன்." கொஞ்சம் தயங்கினாள். "அப்பறம் நானும் வணக்கம் சொல்லிப் பழகிட்டேங்க. நாள் பூரா தனியா ஓட்டுற வேல."

"இங்க வந்ததும் என்ன சொல்லும்?"

"நேராப் போங்க, வீடு பத்து நிமிஷம்னு சொல்லும். நான் வலது பக்கம் திரும்பிருவேன், எங்க ஊரு அந்தப் பக்கம். திரும்புனதும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசாது. கோவிச்சுக்கிட்ட மாதிரி."

இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் அழுதேன். அவள் வேனுக்குள்ளிருந்து எண்ணெய்க் கறை படிந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள். ஆக, இரண்டு வருடமாக நான் உருளைக்கிழங்கு வேகவைத்தது இந்தப் பெண் வீட்டுக்குப் போவதற்கு. தெரிந்ததில் ஒரு நிம்மதிகூட வந்தது. சைக்கிளில் ஏறும்போது சும்மா ஒரு பேச்சுக்கு, "சனி, ஞாயிறு மட்டும்தான் எங்க வீட்டுப் பெட்டி பேசுறதில்ல. நீயும் தெனம் இதே நேரம் தப்பாம வர்றே" என்றேன்.

"புதன்கிழம வரமாட்டேங்க. அன்னிக்குப் பிள்ளைங்களுக்கு அரை நாள் ஸ்கூல், நான் வீட்லதான் இருப்பேன். வேன் கம்பெனி முற்றத்துல பூட்டிக் கெடக்கும், போனும் உள்ளதான்."

புதன்கிழமைகளிலும் பெட்டி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஒரு புதன்கூடத் தவறியதில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டே மிதித்தேன், சாலையில் ஒரு பூனைகூட இல்லை.

சனிக்கிழமை ஸீட்ஸே ஹார்மென் கணக்கைத் திறந்தார். எந்த நாள் எங்கே இருந்தார் என்று எல்லாம் வரைபடத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது. திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி, எல்லாம் பாலத்தில் வலது பக்கம் திரும்பிப் போயின. புதன்கிழமைப் புள்ளிகள் திரும்பவில்லை. நேராக வந்தன. முதல் வருடம் பாலத்தைத் தாண்டிக் கொஞ்சதூரம். பிறகு பால்பண்ணை வரை. இந்தக் கோடையில் தேவாலயம். கடைசிப் புதன் எங்கள் தெருமுனையில், ரொட்டிக் கடை வாசலில் நின்றிருந்தது.

ஸீட்ஸே வரைபடத்தைப் பெரிதாக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"யூகம்" என்றார் கடைசியில். "ஆள் எங்கன்னு தெரியலன்னா பழைய பழக்கத்த வெச்சு அதுவா ஒரு புள்ளியப் போட்டுரும். மெஷினுக்கு என்ன தெரியும்?"

"யூகம்னா ஒரே நாள்ல வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கலாமே, ஸீட்ஸே. இது ஏன் நடந்து வர்ற மாதிரி வருது?"

"என்னக் கேக்காத" என்றார். "மூடட்டுமா? மூடுனா திரும்ப வராது. நல்லா யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். எதற்குப் பொய், இன்னும் ஒரே ஒரு புதன் பொறுத்தால் என்ன என்றுதான் யோசித்தேன். ரொட்டிக் கடையிலிருந்து எங்கள் பின்வாசலுக்கு நூற்று நாற்பது அடி நடை. அந்த வரைபடத்தில் என் வீட்டுமேல் அவர் பெயர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வந்து நிற்பதைப் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது. அப்போது அந்தக் குரல் விஷயம் ஞாபகம் வந்தது. பேசட்டுமா என்று கேட்டது போல, புதன்கிழமை வந்து நின்றபின் இன்னும் என்ன கேட்கும்? அதற்கும் என் வாய் திறக்கும். ஹார்மென் என்னுடையவர். அவரை யாரோ எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

"மூடு" என்றேன்.

பெட்டியை நானே பிடுங்கி, பிஸ்கட் டப்பாவில் போட்டு, நூலகத்தில் கொடுத்துவிட்டேன். யிட்ஸ்கா வந்து பின்வாசல் விளக்குக்குச் சாதாரண சுவிட்ச் போட்டுக் கொடுத்தாள். "எப்பிடிம்மா இருக்கு?" என்று கேட்டாள். "வீடு காலியா இருக்கு" என்றேன். "அதான்மா நல்லது" என்றாள், என்னைக் கட்டிக்கொண்டாள். திங்கட்கிழமை ஐந்து நாற்பத்தொன்றுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஆளுக்கு மட்டும் கிழங்கு வேகவைத்தேன். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் தாங்க முடிந்தது.

புதன்கிழமை மூன்று மணியிலிருந்து மழை. ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஜன்னலுக்குத் திரை போடும் வழக்கமில்லை, கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. சீவி முடித்துக் கிண்ணத்தைப் பார்த்தேன். ஆறு கிழங்கு இருந்தது. எனக்கு மூன்று போதும். எடுத்துத் திரும்பப் பையில் போடலாம் என்று கையை நீட்டினேன். அப்போது வீட்டுக்குள் ஒரு குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல், நிதானமாகச் சொன்னது. "ஹார்மென் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் இருக்கிறார்."

ஜன்னலோரம் பார்த்தேன். பெட்டி இருந்த இடத்தில் தூசி படியாத வட்டம் மட்டும் இருந்தது. என் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. சொன்னது நான்தான்.

மணி ஐந்து நாற்பத்தொன்று. அடுப்பை ஏற்றினேன். ஆறு கிழங்கையும் போட்டேன். போய் என் கையாலேயே பின்வாசல் விளக்கைப் போட்டேன், தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன். எங்கள் ஊரில் முன்கதவு தபால்காரருக்கும் சவப்பெட்டிக்கும்தான். ஹார்மெனை அந்த வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டு ஆட்கள் எப்போதும் பின்வாசல் வழியாகத்தான் வருவார்கள்.

இரண்டு தட்டு வைத்தேன். தண்ணீர் கொதித்தது. மூடி லேசாக ஆடியது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஐம்பது, ஐம்பத்தொன்று. மழை நின்றிருந்தது, கூரையிலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது.

பின்வாசல் படியில், ஈரக் கல்லின்மேல், சப்பாத்தை ஒரு தட்டு தட்டும் சத்தம் கேட்டது.

நான் திரும்பவில்லை. கரண்டியைப் பிடித்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு, இரண்டாவது தட்டுக்காக நின்றேன்.