லொரெய்ன் கேட்டு வாங்கிய படிவம்

வால்தம் நகரில் நோயாளியின் நரம்பில் மருந்தேற்றும் பம்பு செய்யும் நிறுவனம், பொறியாளர் லொரெய்னின் பிரிவை மூடி பதினோரு பேரை வெளியே அனுப்பியது. அவர்களில் ஒருவனான வாஹே, சொந்த நிறுவனம் தொடங்கப் பக்கத்து ஊரான லோவெலில் பழைய நூற்பாலை ஒன்றின் மூன்றாம் மாடியை வாடகைக்குப் பேசினான். அங்கே செய்யப்போவது புதிதாக ஒரு பம்பு. குழாயில் காற்றுக்குமிழி வந்தால் தானே நின்றுவிடும். அது இன்னும் காகிதத்துக்கு வராமல் லொரெய்னின் தலையில் இருந்தது. வாஹேயின் நிறுவனத்தில் அவள் சேரத் தடையில்லை என்று வக்கீலின் கடிதம் வேண்டும் என்றார்கள் முதலீட்டாளர்கள்.

லொரெய்னும் வாஹேயும் எதிரே உட்கார்ந்திருக்க, வக்கீல் காஃப்னி அவளுடைய கோப்பைப் புரட்டினார்.

"சேர்ந்த அன்னிக்கு என்னென்ன கையெழுத்துப் போட்டீங்க, ஞாபகம் இருக்கா?"

"காப்பீடு, கார் நிறுத்துற அட்டை, இந்த ஒப்பந்தம். எல்லாம் ஒரே கட்டு," என்றாள் லொரெய்ன்.

"விலகினா பதினெட்டு மாசம் போட்டி நிறுவனத்துல வேலை செய்யக் கூடாது. அவங்களே அனுப்பினாலும் இதான். ஆனா நடுவுல உங்களுக்குப் பதவி உயர்வு வந்திருக்கு. வேலையே மாறிப்போனா பழைய ஒப்பந்தம் நிக்காதுன்னு நம்ம மாநிலத்துல தீர்ப்பு இருக்கு. புதுசா எழுதி வாங்கணும். முக்கால்வாசி நிறுவனங்க அதை மறந்துடும்."

"எங்கிட்ட வாங்க மறந்துட்டாங்க," என்றான் வாஹே. "ரெண்டு உயர்வு. அனுப்பியிருந்தாலும் என் மேசையில பீட்சா டப்பாவுக்கு அடியில போயிருக்கும்."

காஃப்னி அடுத்த தாளில் நின்றார். "அதே ஒப்பந்தம். இது உயர்வு வந்தப்புறம் போட்டது."

"பதவி மாற்றப் பட்டியல்ல ஒரு கட்டம் டிக் ஆகாம இருந்துச்சு," என்றாள் லொரெய்ன். "படிவத்தை அனுப்பச் சொன்னேன்."

"நீங்களே கேட்டீங்களா?"

"மூணு மின்னஞ்சல். கடைசியில மேலாளருக்கும் நகல் வெச்சேன்."

வாஹே சிரித்தான். "அடிப்பாவி, தூக்குக் கயிறு இன்னும் வரலியேன்னு ஆள் அனுப்பிக் கேட்டிருக்க!"



"கடிதம் தர முடியாது," என்றார் காஃப்னி.

வெளியே வந்ததும் வாஹே சொன்னான்: "கலிஃபோர்னியாவுல இந்தக் காகிதமெல்லாம் செல்லாதாம். கிளம்பு."

"பொண்ணு ஒரு வாரம் எங்கிட்ட, ஒரு வாரம் அவ அப்பாகிட்ட. மாநிலத்தை விட்டுக் கூட்டிட்டுப் போக அவர் சம்மதிக்கணும்."

"கேளேன்."

"பத்து வருஷமா நான் கேட்டு அவர் எதுக்கு சரின்னு சொன்னார்?"

வாஹே ஐந்து பேரோடு கலிஃபோர்னியாவுக்குப் போனான். நூற்பாலையின் மூன்றாம் மாடி காலியாகவே கிடந்தது.

மார்ச்சில் அவன் போனில் கூப்பிட்டபோது லொரெய்ன், வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு கடையில் பெயிண்ட் கலந்துகொண்டிருந்தாள்.

"அஞ்சுல ஒரு குமிழி தப்பிச்சுப் போகுது. சென்சாரைக் குழாய் வளைவுக்கு முன்னாடி வைக்கிறதா, பின்னாடியா? ஒரே வார்த்தை, லொரெய்ன்."

அவளுக்குத் தெரியும்.

"சொல்லக் கூடாது, வாஹே."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்கு."

"படிவத்தைக் கேட்டு வாங்கினவதானே நீ," என்று சொல்லி அவன் போனை வைத்துவிட்டான்.

பதினெட்டு மாதம் முடிந்த திங்களன்று காலை, பழையபடி பம்பு வேலை தேட உட்கார்ந்தாள். வால்தம் நிறுவனம் பம்புத் தொழிலையே விற்றுவிட்டிருந்தது. நாற்பது மைலுக்குள் அந்த வேலை எங்கும் இல்லை. இரண்டு விளம்பரங்கள் இருந்தன. இரண்டும் கலிஃபோர்னியாவில். ஒன்று வாஹேயுடையது: குமிழி சென்சாரில் அனுபவம் உள்ளவர் தேவை, நேரில் வந்து பணிபுரிய வேண்டும்.

ஒன்பது மணிக்குப் பெயிண்ட் கடையைத் திறக்க வேண்டும். கிளம்பினாள்.