பிடியரிசி

...அப்படியென்றால் இந்தக் கைக்கு யார் சொன்னது, என்று எலியா தன்னையே கேட்டுக்கொண்டான், உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து மூலையில் இருக்கும் சின்னப் பானையில் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதது போல நிற்கிற இந்த வலது கைக்கு? சோறு பொங்குமுன் ஒரு பிடியை ஆண்டவருக்கு என்று ஒதுக்கி ஞாயிறன்று கோயிலில் கொண்டு கொட்டுவது அவன் மனைவி சத்தியபாயின் வழக்கம், இந்தப் பக்கத்துச் சபைப் பெண்கள் எல்லாரும் செய்வது, ஆண்பிள்ளைக்கு அதில் வேலை கிடையாது, அதுவும் கோயில் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்த ஆண்பிள்ளைக்கு... அவள் செத்த மறுவாரம் முதன்முதலாகத் தானே உலை வைத்தபோது கை தானாக ஒதுக்கியது, சரி, அவள் பானை காலியாகக் கிடக்க வேண்டாமே என்று விட்டான், ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் விட்டபாடில்லை. சனிக்கிழமைதோறும் பக்கத்து வீட்டு ரத்னபாய் அக்கா வந்து அரிசியைப் பையில் கொட்டிக்கொண்டு போவாள், ஒரு கேள்வி கேட்கமாட்டாள். நேற்று வந்தவள் பானையைத் தொடவே இல்லை. "எலே எலியா, நான் காரக்கோணத்துக்கு மவளுக்க வீட்டுக்குப் போறேன், அவளுக்கு இது பேறு மாசமாக்கும். நாளைக்கு அரிசிய நீயே கொண்டு குடு." "அக்கா, நான் எப்பிடி..." "ஏன், உனக்குக் கால் உண்டுல்லா?" என்றுவிட்டு வெள்ளறடை பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

முதல் மணி அடித்தாயிற்று. அடுத்த மணிக்குள் போகலாம், போகாமலும் இருக்கலாம், ஒரு வாரத்தில் அரிசி கெட்டா போகும், வண்டு விழும், விழட்டுமே... சட்டையை மாட்டி, பானை அரிசியைப் பையில் கொட்டிக்கொண்டு ஏன் இறங்கினான் என்று அவனுக்கே தெரியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வழியாகத்தான் வேகவேகமாகத் திரும்பி வந்தான். தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்கவேண்டும் என்று ஊர்வலம் போன காலம், தையல்கடையில் ராத்திரி பகலாக அவன் தைத்ததெல்லாம் கொடி. துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்த வாரத்து ஞாயிறு, சபைப் போதகரான ஐயர் பிரசங்க பீடத்தில் ஏறி அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொன்னார், செத்தவர்களுக்கு ஒரு வார்த்தை இல்லை, ஆண்டவரும் கேட்டுக்கொண்டு சும்மாதானே இருந்தார். பாதியில் எழுந்து வெளியே வந்தவன்தான். பிறகு ஊர்வலம் போனதற்காக மூன்று மாசம் ஜெயில், ஜெயிலில் சாமி இல்லை என்கிறவர்களின் பேச்சு, வந்த பிறகு சிலை இல்லாமல் கண்ணாடியை வைத்துக் கும்பிடும் ஒரு நிழல்தாங்கலில் அந்தக் கண்ணாடி முன்னால் போய் நின்றது, அங்கே மற்றவர்கள் எதைக் கண்டு கும்பிட்டார்களோ, அவனுக்குத் தெரிந்தது மழிக்காத அவன் முகம் மட்டும்தான். கடைசியில் எல்லைக் கோட்டைப் போட்டார்கள், தெற்கே நாலு தாலுகா சென்னைக்குப் போயிற்று, அவன் ஊர் இருக்கும் நெய்யாற்றின்கரை இங்கே மலையாளப் பக்கத்திலேயே நின்றுவிட்டது, அவனும் நின்றுவிட்டான். "நீங்க வரண்டாம், இருங்க, அரிசி போவட்டு," என்பாள் சத்தியபாய், பையை இடுப்பில் வைத்துக்கொண்டு. அவளை அடக்கம் பண்ணின அன்றும் அவன் வீம்பை விடவில்லை, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்றான், எல்லாரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள், அவன் போடவில்லை. அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை. யாரிடம் சொல்வது?

கோயிலில் மலையாள ஆராதனை வாரம். கடைசி வரிசையில் உட்கார்ந்தான், யாரும் விலகவுமில்லை, நெருங்கவுமில்லை. காணிக்கைப் பாட்டு தொடங்கியதும் பெண்கள் அரிசிப் பைகளோடு எழுந்தார்கள், ஆண்கள் பக்கம் தட்டுதான் வரும் என்பது நினைவில்லாமல் அவனும் எழுந்துபோய் விலாசினி டீச்சருக்குப் பின்னால் நின்றுவிட்டான். பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். காது சூடேறியது, திரும்பிப் போகவும் முடியாது, இரண்டு பக்கமும் சேலைகள். "அரிசியானோ எலியாவே?" என்று மலையாளத்தில் மெதுவாகக் கேட்டு டீச்சர் ஒதுங்கி இடம் விட்டாள். பீடத்தருகே அதே ஐயர், தலை நரைத்திருந்தது, அவனைப் பார்த்தார். பெரிய ஓலைக் கடவத்தில் பையைக் கவிழ்த்தான், எல்லார் அரிசியோடும் அது கலந்துபோயிற்று.

இடத்துக்கு வந்து முழங்கால் போட்டான். ஜெபம் வரவில்லை. மன்னியும் என்று சொல்லலாம் என்றுதான் இருந்தான், வந்தது சண்டைதான்... செத்தவங்களுக்கு ஒரு வார்த்தை ஏன் இல்ல, அவள ஏன் எடுத்தீரு, நான் சுவருக்கு வெளியில நிக்கும்போ என்னப் பிடிச்சு உள்ள தள்ள உமக்கு என்ன... உதடு அசைவதைப் பக்கத்து ஆள் பார்க்கிறானோ என்று கையால் மூடிக்கொண்டான். இதே சண்டைதான், தையல் மிஷினை மிதிக்கும்போது, உலை கொதிக்கும்போது, படுக்கையில், மூன்று வருஷமாக ஒருநாள் தவறாமல், ஜெயிலில் சாமி இல்லை என்று தலையாட்டின அன்றைக்குக்கூட... அப்படியென்றால் இத்தனை நாளும் அவன் யாரோடு பேசிக்கொண்டிருந்தான்?