கப்பலில் இருக்கும் அண்ணன்

அன்று காலையிலிருந்தே முத்திரையக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுகாதாரத் துறையின் விதிகள் பிரிவில், வருகிற கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்துகிறவள் என்பதால் அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் அது. மனநலக் காப்பகங்களுக்கான வரைவு விதிகள் மீது பொதுமக்கள் கருத்துச் சொல்ல அன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

அதில் ஒரு விதிதான் எல்லோருக்கும் உறுத்தல். நோயாளியை அறையில் பூட்டினால், எத்தனை மணி நேரம் என்று மாதாமாதம் ஊரறிய வெளியிட வேண்டும். காப்பக முதலாளிகள் விடுவார்களா? வேண்டவே வேண்டாம் என்று கட்டுக்கட்டாக எழுதித் தள்ளியிருந்தார்கள். உள்ளே இருப்பவர் ஒருவர்கூடக் கேட்காத விதி நமக்கெதற்கு, சாயந்திரம் அதை அடித்து நீக்கிவிடலாம் என்று கண்காணிப்பாளர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

மூன்றரை மணித் தபாலில் அந்த உறை வந்தது. பிரித்தாள். அண்ணன் கையெழுத்து.

ஒன்பது வருடமாக அவள் அண்ணன் கப்பலில் வேலை பார்க்கிறான். அலுவலகத்தில், அக்கம்பக்கத்தில், மூன்று மாதத்துக்கு முன் வாய்த்த சம்பந்தி வீட்டாரிடம் என எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். அந்தக் கப்பல் கரைக்கே வராதா என்று சம்பந்தியம்மாள் சிரிக்காமல் கேட்பாள். கப்பலாவது கரையாவது! அவன் இருந்தது பேருந்தில் முக்கால் மணி நேரத் தொலைவில், ஒரு காப்பகத்தில். மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதிலிருந்து அவள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பெயரும் படுக்கை எண்ணும் போட்டு, நாலே வரி எழுதியிருந்தான். ‘இந்த மாதம் என்னைப் பத்தொன்பது நாள் அறையில் பூட்டினார்கள். வெளியே யாருக்கும் தெரியாது. தயவுசெய்து தெரியப்படுத்துங்கள். வீட்டு முகவரி எழுதவில்லை. அங்கே என் தங்கை இருக்கிறாள், அவளுக்குச் சங்கடம்.’

வீட்டு முகவரி இல்லாத கருத்து செல்லாது. விடுபட்டதை உறவினர் எழுதி, உறவைக் குறிப்பிட்டுக் கையொப்பமிடலாம் என்று ஒரு வழி உண்டு. அப்படிச் செய்தால் எல்லாம் சேர்ந்து இணையத்தில் ஏறும், ஊரே படிக்கும். வெளிப்படைத்தன்மையாம்!

தள்ளுபடித் தட்டில் போட்டாள். எடுத்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி போட்டாள். மகளின் முகம் கண்ணில் நின்றது. அதைத் தள்ளிக்கொண்டு ஒரு பூட்டிய கதவு வந்தது. பாவி, அதற்குள்ளே கிடந்துகொண்டும் என் மானத்தையா காப்பாற்றுகிறாய் என்று அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. தட்டிலிருந்து கடிதத்தை எடுத்து, கதவு எண், தெரு எல்லாம் எழுதினாள். தங்கை என்று போட்டுக் கையெழுத்திட்டாள். முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

கண்காணிப்பாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“இது உங்க வீட்டு விலாசமாச்சே. உங்க அண்ணன் கப்பல்லதானே இருக்காரு?”

“இல்ல சார். பூட்டின ரூம்ல இருக்காரு.”

அவர் அந்த விதியை அடிக்க எடுத்திருந்த பேனாவை மூடி வைத்தார்.

“நான் கொஞ்சம் முன்னாடி கிளம்பறேன் சார்,” என்றாள். “ஆறு மணிக்கு மேல பார்க்க விடமாட்டாங்க.”